ப்ளஸ் டூ ஆங்கிலம்: கைடா, டியூஷனா, புத்தகமா?

போன மாதம் ஜெயங்கொண்டத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அக்கா விஷயத்துக்கு வந்துவிட்டாள். "தம்பி, இவன் இங்கிலீசுக்கும் டியூஷன் வேணுங்கறான். மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரின்னு ஏற்கெனவே மூணு போறான். நீ என்ன சொல்ற?" பையன் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைத் திருகிக்கொண்டிருந்தான். ஜூனில் ப்ளஸ் டூ போகிறான். அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி, கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப். ப்ளஸ் ஒன்னில் ஆங்கிலம் 58.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நானும் அதே வழியில் வந்தவன்தான். 2009இல் ப்ளஸ் டூ எழுதினேன். அப்போது மொத்தம் 1200, ஆங்கிலத்துக்கு இரண்டு தாள், சேர்த்து 200. அந்த 200இல் நான் வாங்கியது 151. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து இன்ஜினியரிங் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தபோது அந்த 151 எங்கே போனதென்றே தெரியவில்லை. பேராசிரியர் ஐம்பது நிமிடம் பேசுவார். நான் முதல் வாக்கியத்தை முழுசாக எழுதி முடிப்பதற்குள் அவர் நான்காவதில் இருப்பார். பக்கத்தில் ஆங்கில வழியில் படித்து வந்தவன் அம்புக்குறி போட்டு, பாதிச் சொல் பாதிச் சொல்லாகக் கிறுக்கிக்கொண்டு ஹாயாக இருப்பான். ராத்திரி அவன் நோட்டை வாங்கிப் பார்த்து எழுதுவேன். முதல் செமஸ்டர் முழுக்க இதுதான் கதை.

அதனால் பையனிடம் புத்தகம், நோட்டு, கைடு மூன்றையும் எடுத்து வரச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரியும் மறுநாளும் நாங்கள் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு நிறைய வீடுகள் இருக்கும்.

முதலில், மதிப்பெண் எதற்கு வேண்டும் என்று பார்த்துவிடலாம். இப்போது ப்ளஸ் டூ மொத்தம் 600, அதில் ஆங்கிலம் 100. பொறியியல் கலந்தாய்வுக்குக் கட் ஆஃப் 200: கணக்கில் 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகச் சேர்ந்து 100. அதில் ஆங்கிலம் கிடையாது. நீட் தனித் தேர்வு, தமிழிலேயே எழுதலாம். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப் பாடங்களைத் தள்ளிவிட்டு மற்ற நான்கு பாடங்களைத்தான் கூட்டுகிறார்கள். பி.ஏ. ஆங்கிலத்துக்கு மட்டும் ஆங்கில மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். ஆக, அக்கா மகன் 58ஐ 85 ஆக்கினாலும் அவன் சேரப்போகும் கல்லூரியில் ஒரு மாற்றமும் வராது. ஆனால் 35க்குக் கீழே போய்விட்டால் மற்ற எல்லாம் இருந்தும் பயனில்லை. இதை எந்த டியூஷன் போர்டும் எழுதாது.

மொழி எதற்கு வேண்டும் என்பது வேறு கேள்வி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கும் 2021இல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளை நல்ல கல்லூரிக்குள் போய்விடுகிறான். போனபிறகு புத்தகம், வகுப்பு, வைவா எல்லாம் ஆங்கிலத்தில். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் உண்டு, உண்மைதான். ஆனால் எல்லோரும் ஓடுவது கம்ப்யூட்டர் சயின்சுக்கு. இவனும் அதற்குத்தான் ஓடுகிறான்.

அப்போ, இவனுக்கு வேண்டியது மதிப்பெண் இல்லை, மொழி. ஆனால் மொழிக்கென்று ப்ளஸ் டூவில் தனியாக நேரம் ஒதுக்கவும் முடியாது, கட் ஆஃப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த வழி குறைந்த நேரம் கேட்டு அதிகம் தருகிறது என்பதுதான் எங்கள் ஒப்பீடு.

வினாத்தாளைப் பிரித்துப் பார்த்தோம். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90 நான்கு பகுதி: ஒரு மதிப்பெண் வினா 20, இரண்டு மதிப்பெண் வினா ஏழு, மூன்று மதிப்பெண் ஏழு, ஐந்து மதிப்பெண் ஏழு. பையன் இதை ஒப்பித்துவிட்டான். ஆனால் எது எங்கிருந்து வருகிறது என்று அவன் பார்த்ததே இல்லை. ஐந்து மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உரைநடையில் ஒரு பாரா, செய்யுளில் ஒன்று, துணைப்பாடத்தில் ஒன்று. இந்த மூன்றும் பாடம் சார்ந்தவை. மீதி நான்கும் பாடத்துக்கு வெளியே: ஒரு பத்தியைக் குறிப்பெடுப்பது அல்லது சுருக்குவது, கடிதம் அல்லது விண்ணப்பம், பிழை திருத்துவது, படிக்காத பகுதியைப் படித்துப் பதில் எழுதுவது. ஒரு மதிப்பெண்ணில் அருஞ்சொற்பொருளும் எதிர்ச்சொல்லும் ஆறு போக மீதியெல்லாம் சொல்லறிவும் இலக்கணமும்தான். பென்சிலால் கூட்டிப் பார்த்தால் 90இல் ஏறக்குறைய பாதி, எந்தப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வாங்க முடியாத மதிப்பெண். "அப்ப நான் இவ்வளவு நாளா பாதிக்குத்தான் படிச்சேனா மாமா?" என்றான். ஆமாம்டா.

இனி ஒவ்வொன்றாக.

கைடு. இதைப் பழிக்க எனக்கு மனசில்லை. நானே கைடால் கரையேறியவன். கைடில் இருக்கும் நல்ல விஷயம், பாடத்தின் சாரம் தமிழில் இருக்கும். ஆங்கிலமே புரியாமல் கிடக்கிற பிள்ளைக்கு அது ஒரு ஏணி. கெட்ட விஷயம், விடைகள் யாரோ ஒரு பெரியவர் எழுதிய ஆங்கிலத்தில் இருக்கும். அதை மனப்பாடம் செய்கிறவனுக்கு ஒரு சொல் மறந்தால் மொத்த வாக்கியமும் போய்விடும். நடுவில் மாட்டிக்கொண்ட கேசட் மாதிரி நிற்பான்.

பையனின் நோட்டில் இதைவிட வேடிக்கையான ஒன்று இருந்தது. 'காமன் பாரா'. பத்து வரி. பாடத் தலைப்புக்கு ஒரு கோடு, ஆசிரியர் பெயருக்கு ஒரு கோடு விட்டிருந்தது. "இந்தப் பாடத்தை எழுதியவர் கோடு. அவர் ஒரு பெரிய எழுத்தாளர். இந்தப் பாடம் மிகவும் சுவையானது. இதில் ஆசிரியர் வாழ்க்கைக்குத் தேவையான நல்ல கருத்துகளைச் சொல்கிறார்" என்கிற ரீதியில் ஆங்கிலத்தில் ஓடுகிறது. எந்தப் பாடம் கேட்டாலும் கோட்டில் பெயரை நிரப்பி இதையே எழுதவேண்டியது. எவரெஸ்ட் ஏறிய ஹிலரிக்கும் இதுதான், தேநீர் போடச் சொல்லித்தரும் ஆர்வெல்லுக்கும் இதுதான். திருத்துகிறவர் மனசிருந்தால் ஐந்துக்கு இரண்டு போடுவார் என்பது நம்பிக்கை.

சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். இதை எழுதிக் கொடுத்த ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. மெல்லக் கற்கும் பிள்ளைகள் என்று ஒரு பட்டியல் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும். அவர்களை 35 தொட வைப்பதே பெரும்பாடு. காலாண்டில் இருபதும் இருபத்திரண்டும் வாங்குகிற பிள்ளைக்கு, தேறுவதற்கு மட்டும் போதுமான குறிப்புகளான மினிமம் மெட்டீரியலும் காமன் பாராவும்தான் சரியான வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பிள்ளையிடம் போய் மொழியைக் காதலி என்று பேசுவது அநியாயம். சிக்கல், 58 வாங்குகிற இவனும் அதே பத்து வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுதான். இவனுக்கு அது ஏணியில்லை, கூரை.

டியூஷன். இங்கே நேரக் கணக்கைப் போட்டோம். வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம். சைக்கிளில் போகவர, வந்து ஆற, ஒரு நாளைக்கு இன்னொரு மணி. ஆக வாரத்துக்கு ஏழரை மணி நேரம். மாதம் 600 ரூபாய். ஏழரை மணி நேரத்தில் வேதியியலில் எத்தனை பாடம் முடிக்கலாம் என்று கேட்டேன். பையன் பதில் சொல்லவில்லை. அக்கா சொன்னாள், "ரெண்டு."

நல்ல ஆங்கில டியூஷன் இல்லாமல் இல்லை. பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் எழுதியதையும் திருத்திக் கொடுக்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். எழுத்தை இன்னொருவர் திருத்துவதற்கு மாற்றே கிடையாது, புத்தகமோ ஃபோனோ அதைச் செய்யாது. ஆனால் அக்கா விசாரித்து வைத்திருந்த இடத்தில் ஒரு பேட்சுக்கு நாற்பது பேர். நாற்பது பேரின் பாராவை எந்த மனிதர் உட்கார்ந்து திருத்துவார்? அங்கே நடப்பது, பள்ளியில் நடத்திய பாடத்தை இன்னொரு முறை நடத்தி, கைடில் இருப்பதையே வேறு பேப்பரில் அச்சடித்துக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வைப்பது. அது படிக்க உட்காராத பையனை உட்காரவைக்கும். இவன் தானாகவே உட்காருகிறவன்.

டியூஷன் சேர்க்கும்முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்: "என் பையன் எழுதுற லெட்டரை நீங்க திருத்தித் தருவீங்களா சார்?" பதில் எப்படி வருகிறது என்பதிலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ். பையனுக்கு உள்ளுக்குள் ஆசை இதில்தான் என்று பேச்சில் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரு வகுப்பு, 45 நாளில் சரளமாகப் பேசலாம் என்று பேனர். நானும் ப்ளஸ் டூ முடித்த கோடையில் இப்படி ஒன்றுக்குப் போனேன். முதல் வாரம் என் பெயர், என் ஊர், என் அப்பா விவசாயி, என் பொழுதுபோக்கு கிரிக்கெட். இரண்டாவது வாரம் கண்ணாடி முன்னால் நின்று அதையே. ஆறாவது வாரக் கடைசியில் என்னைப் பற்றி மட்டும் ஆங்கிலத்தில் ஒன்றரை நிமிடம் பேசுவேன். ரயில் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டால் தமிழில்தான் பதில் வரும்.

ஆனாலும் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். முப்பது பேர் முன்னால் தப்பாகப் பேசி, அவர்களும் தப்பாகப் பேசி, யாரும் சிரிக்காமல் இருந்தது எனக்குப் பெரிய விஷயம். கூச்சம் போனது. அது 45 நாளுக்குக் கொடுத்த காசுக்குத் தகும். கேள்வி, அதை இந்த வருடம் செய்யவேண்டுமா என்பது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பேச்சுக்கென்று பொதுத்தேர்வில் மதிப்பெண் இல்லை. சி.பி.எஸ்.இ.யில் அகமதிப்பீட்டில் கேட்டல், பேசலுக்குக் கொஞ்சம் ஒதுக்குகிறார்கள், அங்கே படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு சற்றே மாறும். இங்கே மார்ச்சில் தேர்வு முடிந்தால் கல்லூரி திறக்கும்வரை மாதக்கணக்கில் நேரம் கிடக்கிறது. அந்த நேரத்தில் போகட்டும். கல்லூரிக்குப் போனபின் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருகிறார்கள். பேச்சு ஒரு வருடம் காத்திருந்தால் கெட்டுப்போகாது.

ஃபோன். யூடியூபில் ப்ளஸ் டூ ஆங்கிலத்துக்கு இல்லாத வீடியோ இல்லை. 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் அதிலேயே கிடக்கின்றன. செய்யுளை ஒருவர் வாய்விட்டு வாசிக்கக் கேட்பதற்கு இது நல்ல வழி. டென்னிசனைக் கண்ணால் மட்டும் படித்தால் ஒன்றும் ஏறாது. ஆனால் பத்து நிமிட வீடியோவுக்கு எடுத்த ஃபோன் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கீழே வைக்கப்படும். பையன் என்னைப் பார்த்தான், நான் அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாகப் புத்தகம். அரசு தருகிற பாடப்புத்தகம். இலவசமாகக் கிடைப்பதால் யாரும் மதிப்பதில்லை. பையனின் ப்ளஸ் ஒன் புத்தகம் பழைய புத்தகக் கடையில் புதிதாகவே விற்கலாம் போல இருந்தது, கைடு மட்டும் கிழிந்து தொங்கியது.

ப்ளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தை அக்கம்பக்கத்து அண்ணன் ஒருவனிடம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். ஆறு உரைநடை, ஆறு செய்யுள், ஆறு துணைப்பாடம். 2019-20இல் வந்த புத்தகம். புரட்டிக்கொண்டே போனபோது ஒரு பெயரில் கண் நின்றது. கி. ராஜநாராயணன். நம் கி.ரா.தான். அவருடைய 'நாற்காலி' கதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதில் ஐந்தாவது உரைநடைப் பாடம். இவனுக்கு அது தமிழ்க் கதை என்றே தெரியாது. இடைசெவல்காரர் எழுதிய கதையை இங்கிலாந்துக்காரர் எழுதியது என்று நினைத்து மனப்பாடம் செய்துவிட்டுப் போகிற பிள்ளைகள் எத்தனை பேரோ.

கதையை நான் தமிழில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பெரிய அதிகாரி உட்கார நாற்காலி இல்லை. முக்காலியைப் போடுகிறார்கள், அவர் கவிழ்ந்து விழுகிறார். குழந்தைகள் சிரிப்பை அடக்கமுடியாமல் ஓடுகின்றன. அப்புறம் ஒரு நாற்காலி செய்து கொண்டாட, ஊரில் ஒருவர் இறந்துபோக, பிணத்தை உட்காரவைக்க அந்த நாற்காலியை இரவல் கேட்டு வருகிறார்கள். அங்கிருந்து அந்த நாற்காலிக்குப் பிடித்தது சனி. பையன் சத்தம் போட்டுச் சிரித்தான். சமையலறையிலிருந்து அக்காவும் சிரித்தாள். அப்புறம் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அந்த முக்காலி விழுகிற இடத்தைத் தேடு என்றேன். தேடினான். தெரியாத சொல் ஏழெட்டு இருந்தும் எங்கே விழுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டான். அந்தச் சொற்களில் ஐந்துக்குப் பொருளும் அவனே ஊகித்துச் சொன்னான். ஒரு மதிப்பெண் வினாவில் கேட்கிற அருஞ்சொற்பொருள் இந்த மாதிரிச் சொற்களைத்தான். கைடில் அதே சொற்கள் பட்டியலாக இருக்கின்றன. பட்டியலில் படித்தது தேர்வோடு போய்விடும், முக்காலியிலிருந்து விழுந்த சொல் போகாது.

தமிழ் மூலத்தை நூலகத்தில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். தமிழில் நமக்கு ஒரு சொல்லில் முடிகிற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் எத்தனை சொல் போட்டுத் திண்டாடுகிறார் என்று பார்த்தாலே ஆங்கில வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பிடிபட்டுவிடும். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பயிற்சி அந்தப் புத்தகத்தில் இல்லை.

அடுத்தது அந்தப் பாதி, பாடத்துக்கு வெளியே உள்ளது. குறிப்பெடுக்கும் வினா ஐந்து மதிப்பெண். கல்லூரியில் நான் ஒரு செமஸ்டர் தவித்தேனே, அதே வேலைதான் இது: ஒரு பத்தியைத் தலைப்பு, துணைத் தலைப்பு, சுருக்கச் சொல் என்று உடைத்து எழுதுவது. பள்ளியில் எங்களுக்கும் இந்த வினா இருந்தது. பத்தியில் உள்ள வரிகளைப் பாதியாக வெட்டி எண் போட்டு எழுதினால் மதிப்பெண் வரும் என்று சொல்லித்தந்தார்கள், வந்தது. அதனால் கற்றுக்கொள்ளவேயில்லை. பையனின் நோட்டிலும் அதே வெட்டல். வாரம் ஒரு முறை இயற்பியல் ஆங்கில வழிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து இப்படிக் குறிப்பெடு என்றேன். தமிழ் வழியில் படிக்கிறவனுக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும், மொழி மட்டும்தான் புதிது. இயற்பியலும் ஒரு முறை ரிவிஷன் ஆகிவிடும். பாடநூல் கழகப் புத்தகங்களைப் பி.டி.எஃப்.ஆக இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், காசு செலவில்லை.

பிழை திருத்தம் இன்னும் சுலபம், நம் தமிழே உதவும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று ஒரு வாக்கியம் இருந்தது. என்ன தப்பு என்று கேட்டேன். விழித்தான். தமிழில் சொல்லு என்றேன். "என் நண்பர்களில் ஒருவன்." நண்பனில் ஒருவன் என்றா சொல்கிறாய்? "அட, ஃப்ரெண்ட்ஸ்!" அதே மாதிரி 'ஆல்தோ' போட்டுவிட்டு அடுத்த பாதியில் 'பட்' போடுவது. மழை பெய்தாலும் ஆனால் போனேன் என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. ஆனால் தமிழ் காலை வாரும் இடமும் உண்டு. 'டிஸ்கஸ்' வந்தால் நம் பிள்ளைகள் கூடவே 'அபவுட்' போடுவார்கள், மனசுக்குள் "அதைப் பற்றி" என்று ஓடுவதால். இந்த இரண்டு வகையையும் இரண்டு பத்தியாக நோட்டில் எழுதச் சொன்னேன்: தமிழ் கைகொடுக்கும் இடம், தமிழ் ஏமாற்றும் இடம். ஒரு மணி நேரத்தில் பதினொன்று சேர்ந்தது. முன்னதில் நான்கு, பின்னதில் ஏழு.

இந்த வழியின் குறையையும் சொல்லவேண்டும். வீட்டில் உட்கார்ந்து தானே படிக்கிறவனுக்கு, எழுதியது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. அதற்குப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் இருக்கிறார். வாரம் ஒரு கடிதம் அல்லது ஒரு பாராவை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் இடைவேளையில் காட்டினால் திருத்தாத ஆசிரியரை நான் பார்த்ததில்லை. நாற்பது பேர் நீட்டினால் சலித்துக்கொள்வார். நாற்பது பேர் நீட்டமாட்டார்கள், ஒருவனோ இருவரோதான். "சார் திட்டுவாரு மாமா" என்றான். திட்டினால் என்ன? 600 ரூபாய் மிச்சம்.

இன்னொரு குறை, இது மெதுவான வழி. காலாண்டில் மதிப்பெண் ஏறாது. 58 அறுபதாகலாம், ஏன், 55 ஆகவும் கூடும். கைடு வழியில் போகிறவன் அதற்குள் 70 வாங்கிக் காட்டுவான். அப்போது வீட்டில் ஒரு புயல் வரும். அக்காவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இல்லை.

எல்லோருக்கும் இதே பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.ஏ. ஆங்கிலம் போக நினைக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் கணக்கு. அந்தப் பிள்ளை எழுத்தைத் திருத்தித் தருகிற நல்ல டியூஷனைத் தேடிப் போகலாம், பிற பாடங்களிலிருந்துகூட நேரம் எடுக்கலாம். ராணுவத்துக்கு என்.டி.ஏ. எழுதுகிறவனுக்கு அந்தத் தேர்வில் ஆங்கிலத்துக்கு மட்டும் 200 மதிப்பெண், அதை ப்ளஸ் டூ கைடு தொடவே தொடாது. சட்டப் படிப்புக்கு கிளாட் எழுதுகிறவர்களுக்குத் தேர்வே ஆங்கிலத்தில்தான், பக்கம் பக்கமாகப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு நாளிதழும் நீண்ட கட்டுரைகளும் இப்போதிருந்தே. காலாண்டில் தோற்கிற பிள்ளைக்கு மினிமம் மெட்டீரியல், மேலே சொல்லிவிட்டேன். நடுவில் இருக்கிறவர்கள்தான் அதிகம், ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே. அவர்கள்தான் எந்த வழி என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் காசு கட்டுகிறார்கள்.

நாங்கள் முடிவு செய்தது இது. டியூஷன் வேண்டாம். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குமுன் இருபது நிமிடம் ஆங்கிலம், வாரத்துக்கு ஆறு நாள், அதாவது இரண்டு மணி நேரம். மூன்று நாள் பாடத்தை வாய்விட்டுப் படிப்பது, ஒரு நாள் இயற்பியல் பக்கத்தில் குறிப்பெடுப்பது, ஒரு நாள் பிழை நோட்டு, ஒரு நாள் ஆசிரியரிடம் காட்ட ஏதாவது எழுதுவது. கைடைத் தூக்கிப் போடவேண்டாம். ஜனவரி ரிவிஷன் வரும்போது செய்யுள் பாராவுக்கும் துணைப்பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது பாடம் புரிந்திருக்கும், கைடின் வாக்கியங்களைத் தன் வாக்கியமாக மாற்றிக்கொள்ள முடியும். ஸ்போக்கன் வகுப்பு ஏப்ரலில், அதற்கு நான் பணம் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். காமன் பாராவை என்ன செய்வது என்று கேட்டான். கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும், தேர்வறையில் எதுவுமே நினைவுக்கு வரவில்லையென்றால் இரண்டு மதிப்பெண்ணாவது தேறும் என்றேன்.

அக்கா அந்த டியூஷனுக்கு முன்பணமாக 500 கட்டிவிட்டாள் என்பது நான் கிளம்பும்போதுதான் தெரிந்தது. திருப்பித் தரமாட்டார்களாம். அவள் தங்கையின் பெண்ணை அதில் அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று ராத்திரி பையன் ஃபோன் செய்தான். இரண்டாவது பாடத்துக்கு வந்துவிட்டானாம், தேநீர்ப் பாடம். "மாமா, டீயில சர்க்கரையே போடக் கூடாதுங்கறாரு இந்த ஆளு. பதினோரு ரூல்ஸ் வச்சிருக்காரு. ஆனா இந்தியா டீ, சிலோன் டீதான் நல்லாருக்குமாம்." பின்னாலிருந்து அக்கா கேட்டாள், "சர்க்கரை இல்லாம எப்படிடா குடிக்கிறது, அவருக்கு சுகரா?" அவன் அம்மாவுக்குப் பதினோராவது விதியை விளக்க ஆரம்பித்தான். நான் லைனில் இருப்பதையே மறந்துவிட்டான்.